பினாங்குக்கு ஒரு சபர்



முன்னோர் பிழைக்கச் சென்ற நாட்டை ஒருமுறையாவது பார்த்துவர வேண்டும் என்னும் ஆசை இன்று நம் குடும்பங்கள் பலவற்றில் எழுந்திருக்கிறது. இரங்கூன், கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், சைகோன் என்று நம் பாட்டனார்கள் சபர் சென்ற ஊர்களைப் பேரப்பிள்ளைகள் இப்போது கைப்பேசித் திரையில் தேடிப் பார்க்கிறார்கள். எங்கள் குடும்பமும், இன்ஷா அல்லாஹ், வரும் ஷவ்வால் மாதத்தில் பினாங்குக்குச் செல்ல ஆயத்தமாகி வருகிறது. என் அத்தா, அண்ணன், நான் என மூவர் செல்கிறோம். இந்தப் பயணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது இருந்த நோக்கம் வேறு. இன்று அதன் நோக்கம் வேறு. அந்த மாற்றத்தை எழுதிவைப்பது, இதே ஆயத்தத்தில் இருக்கும் பிற குடும்பங்களுக்குப் பயன்படலாம் என்று எண்ணுகிறேன்.

எங்களுடையது இராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோர ஊர்களில் ஒன்று. பனையும் உவர்மண்ணும் தவிர அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. ஆகையால் ஆண்பிள்ளைக்கு மீசை அரும்பியதும் கப்பல் ஏற்றிவிடுவது வழக்கமாக இருந்தது. அத்தாவின் தந்தையார், என் பாட்டனார், 1936ஆம் ஆண்டு தம் பத்தொன்பதாம் வயதில் பினாங்குக்குச் சென்றார். நாகப்பட்டினத்தில் ஏறினால் ஒரு வாரத்துக்குள் பினாங்கில் இறங்கலாம். 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ என்னும் நீராவிக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. அதன் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துச் சென்ற ஆயிரக்கணக்கானோருள் அவரும் ஒருவர்.

அங்கே அவர் நாசி கண்டார் தொழிலில் சேர்ந்தார். இன்று குளிரூட்டிய பெரிய உணவகங்களில் கிடைக்கும் அந்தச் சோறு, அன்று தோளில் சுமந்து விற்கப்பட்டது. காவடிபோன்ற ஒரு கம்பு. அதன் ஒரு முனையில் சோற்றுக் கூடை, மறுமுனையில் மீன் ஆணமும் இறைச்சி ஆணமும். அந்தக் கம்பின் பெயரே உணவுக்கும் ஆயிற்று. துறைமுகத்தில் மூட்டை சுமப்போருக்கு விடியற்காலையில் சோறு கொண்டுபோய் விற்பதே வேலை. 1939இல் ஊருக்கு வந்து என் பாட்டியாரை மணந்தார். 1940இல் திரும்பிச் சென்ற பின்னரே என் மாமி பிறந்தார்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கில் குண்டு வீசினர்; அந்த மாதமே தீவு அவர்கள் வசமாயிற்று. 1945இல் போர் முடியும் வரை கடிதப் போக்குவரத்து இல்லை, பணம் இல்லை. அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே ஊரில் தெரியவில்லை. 1947இல் உயிரோடு வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு அத்தா பிறந்தார்கள். குழந்தைக்கு நாற்பது நாள் ஆகுமுன்னே அவர் மீண்டும் கப்பல் ஏறினார். 1956இல் நான்கு மாதம் வந்து தங்கினார். 1963இல் பினாங்கிலேயே மௌத்தானார். அத்தா தம் தந்தையாருடன் வாழ்ந்த காலம், அவர்கள் நினைவில் உள்ளபடி, அந்த நான்கு மாதம்தான்.

ஆகவே, பினாங்குக்குப் போகலாம் என்று அண்ணன் சொன்னபோது எங்கள் எல்லோர் மனத்திலும் இருந்தது அந்தப் பாட்டனாரின் காலடித்தடம்தான். அவர் தொழுத பள்ளிவாசல், சோறு சுமந்த தெரு, அடங்கியுள்ள மையவாடி ஆகியவற்றைக் காண வேண்டும் என்பதே முதல் திட்டம்.

ஏற்பாடுகள் எளிதாகவே அமைந்தன. 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் முப்பது நாள் வரை விசா இல்லாமல் சென்றுவர மலேசியா அனுமதிக்கிறது. அங்கே சென்றடைவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் மின்னணு வருகை அட்டையை இணையத்தில் நிரப்பிவிட வேண்டும். காணவேண்டிய இடங்களையும் குறித்துக்கொண்டோம். 1801இல் காதிர் முஹைதீன் என்னும் நம் சமூகத்துத் தலைவரின் முயற்சியால் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். அதற்கு அருகே சூலியா தெரு. அத்தெருவில் நாகூர் ஆண்டகையின் நினைவாக நம்மவர்கள் எழுப்பிய சிறு தர்கா. இவை அனைத்தும் ஒரு மணி நேரத்தில் நடந்து பார்த்துவிடக்கூடிய தொலைவிலேயே இருக்கின்றன. 2008இல் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுன் நகரத்தை உலக மரபுச் சின்னமாக அறிவித்ததால் பழைய கட்டடங்கள் பல இன்றும் நிற்கின்றன.

ஆவணங்களைத் தேடும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். சிங்கப்பூர்த் தேசிய நூலகம் அக்காலத்து மலாயாச் செய்தித்தாள்களை இணையத்தில் எவரும் படிக்கும்படி வைத்திருக்கிறது. கப்பல் வந்த நாள்களையும் புறப்பட்ட நாள்களையும் அவற்றில் காணலாம். தமிழ் முரசின் பழைய இதழ்களும் உண்டு. 1948இல் மலாயாவில் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் அடையாள அட்டை வழங்கப்பட்டது. அந்த அட்டையின் எண் கிடைத்தால் இறப்புப் பதிவைத் தேடுவது எளிது. எண் இல்லையென்றால் பெயரைக் கொண்டே தேட வேண்டும். நம் பெயர்களை அன்றைய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார்கள். முகம்மது என்னும் ஒரு பெயரே ஐந்தாறு விதமாக எழுதப்பட்டிருக்கும். ஊர்ப்பெயரும் குடும்பப் பட்டமும் சில இடங்களில் வரும், சில இடங்களில் வாரா. எனவே அவருடைய எல்லாத் தாள்களையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அத்தாவிடம் கேட்டேன். அவர்கள் பாட்டியாரின் தகரப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார்கள்.

பாட்டியார் 1994இல் வஃபாத்தானார்கள். அதன் பின்னர் அந்தப் பெட்டியை யாரும் முழுதாகப் பார்த்ததில்லை. உள்ளே இருபத்தாறு கடிதங்கள் இருந்தன. அவற்றுள் பாட்டனாரின் கூட்டாளிகள் அவர் மறைவுக்குப் பின் எழுதிய ஒன்று மட்டுமே தமிழ் எழுத்தில் இருந்தது. மற்ற யாவும் அரபுத் தமிழ்.

இளையவர்களுக்காக ஒரு சொல். அரபுத் தமிழ் என்பது தமிழ்மொழியை அரபு எழுத்துகளில் வலமிருந்து இடமாக எழுதும் முறை. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகப் புள்ளிகளைச் சேர்த்துத் தனி எழுத்துகளை நம் முன்னோர் ஆக்கிக்கொண்டார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் ‘மகானீ’ போன்ற சட்ட நூல்கள் இம்முறையில் எழுதப்பட்டு வீடுதோறும் ஓதப்பட்டன. பள்ளிக்கூடம் செல்லாத நம் பாட்டிமார்கள் குர்ஆன் ஓதக் கற்றபோதே இதையும் கற்றார்கள். பாட்டனார் அவ்வெழுத்தில் எழுதியதற்குக் காரணம் எளிது. தம் மனைவி பிறர் உதவியின்றித் தாமே படிக்க வேண்டும் என்று விரும்பினார். பிள்ளைகள் காலத்தில் அரசுப் பள்ளி வந்துவிட்டது. தமிழ் எழுத்து வந்தது. அரபுத் தமிழ் போயிற்று. அத்தா குர்ஆனைச் சரளமாக ஓதுவார்கள். ஆனால் தம் தந்தையாரின் கடிதத்தைப் படிக்க அவர்களால் இயலவில்லை. அறுபது ஆண்டுகளாக அந்த எழுத்துகள் வீட்டுக்குள்ளேயே பூட்டிக் கிடந்தன.

அரபுத் தமிழ் தெரிந்த முதிய ஆலிம்சா ஒருவர் பக்கத்து ஊரில் இருக்கிறார். அவரை அழைத்துவந்து, அஸருக்குப் பின் நாளுக்கு மூன்று நான்கு கடிதங்களாகப் படிக்கச் சொன்னோம். அவர் படிக்க, நான் எழுதிக்கொண்டேன். பெரும்பாலும் நலம் விசாரிப்பு, அனுப்பிய பணத்தின் கணக்கு, யார் கையில் எந்தத் துணி கொடுத்தனுப்பியது, யாருக்குச் சலாம் சொல்ல வேண்டும் என்பன. நான்காம் நாள் 1957ஆம் ஆண்டுக் கடிதம் வந்தது. ஆலிம்சா இரண்டு வரி படித்து நிறுத்தி, அத்தாவைப் பார்த்தார். “படியுங்கள் ஆலிம்சா, இனி மறைக்க யார் இருக்கிறார்கள்?” என்றார்கள் அத்தா.

பாட்டனாருக்குப் பினாங்கில் இன்னொரு மனைவி இருந்திருக்கிறார். ஒரு பெண்குழந்தையும் உண்டு. கடிதம் எழுதும்போது அதற்கு ஐந்து வயது. முந்தைய ஆண்டு ஊருக்கு வந்தபோதே நேரில் சொல்லியிருக்கிறார் என்பதும், பாட்டியார் அதற்குப் பிறகு பல மாதம் பதில் எழுதவில்லை என்பதும் கடிதத்திலிருந்து தெரிகிறது. அவர் தம் செயலுக்கு நியாயம் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையையும் உன் பிள்ளைகளோடு ஒன்றாக எண்ணிக்கொள், எனக்கு ஏதாவது நேர்ந்தால் அதன் பங்கை மறந்துவிடாதே என்று மட்டும் கேட்டிருக்கிறார். கடிதத்துக்குள் ஒரு புகைப்படம் இருந்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு சிறுமி. பாட்டியார் அதைக் கிழிக்கவில்லை, எரிக்கவுமில்லை. முப்பத்தேழு ஆண்டுகள், கடைசிவரை, தம் பெட்டியில் வைத்திருந்தார்கள்.

இப்படிப்பட்ட செய்தி எங்கள் குடும்பத்துக்கு மட்டும் உரியதன்று. ஓரிடத்தில் உழைப்பும் ஓரிடத்தில் இல்லமுமாக வாழ்ந்த சபராளிகள் பலர் இரு கரைகளிலும் குடும்பம் வைத்திருந்தார்கள். பினாங்கில் தமிழ் முஸ்லிம் ஆண்களுக்கும் மலாய்ப் பெண்களுக்கும் பிறந்த வழியினர் ஜாவி பெரானாக்கான் என்று தனிப் பெயர் பெறும் அளவுக்குப் பெருகினர். 1876இல் சிங்கப்பூரில் அவர்கள் தொடங்கிய மலாய்மொழிச் செய்தித்தாளுக்கு அந்தப் பெயரையே இட்டனர். நம் ஊர்களில் ‘அவருக்கு அங்கே ஒரு வீடு’ என்று தாழ்ந்த குரலில் சொல்லி முடித்துவிட்ட கதைகள் அக்கரையில் முழு வாழ்க்கைகள்.

எனக்கு அந்தச் செய்தி வியப்பாக இருந்தது. அத்தாவுக்கு அது கணக்காக இருந்தது. அன்றிரவு அவர்கள் உறங்கவில்லை. சுபுஹு தொழுதுவிட்டு வந்து, தமிழில் எழுதப்பட்ட அந்த ஒரு கடிதத்தை என்னிடம் கொடுத்து மீண்டும் படிக்கச் சொன்னார்கள். பாட்டனாரின் கூட்டாளிகள் எழுதியது. கடையில் அவருக்கிருந்த பங்கைக் கணக்குத் தீர்த்து, கடன் கழித்து, நாலாயிரத்து எண்ணூறு ரூபாய் பெறுமான வங்கி வரைவோலையை ஊரில் உள்ள அவர் குடும்பத்துக்கு முழுதாக அனுப்பியிருப்பதாக அதில் இருந்தது. அந்தப் பணத்தில் 1964இல் வாங்கிய மனையில்தான் எங்கள் வீடு நிற்கிறது.

“முழுதாக அனுப்பியிருக்கிறார்கள்” என்றார்கள் அத்தா. “அப்படியானால் அங்கே ஒன்றும் கொடுக்கவில்லை.”

மார்க்கத்தின் பாகப்பிரிவினை தெரிந்தவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. எங்கள் ஊர் ஹஜ்ரத்திடம் சென்று கேட்டோம். பாட்டனாரின் பெற்றோர் முன்னரே இறந்துவிட்டனர். பிள்ளைகள் இருப்பதால் மனைவியர் இருவருக்கும் சேர்த்து எட்டில் ஒரு பங்கு. எஞ்சியதில் மகனுக்கு இரண்டு, மகள்மார் இருவருக்கும் ஒவ்வொன்று. சொத்தை முப்பத்திரண்டு பங்காக்கினால் மனைவியர் ஒவ்வொருவருக்கும் இரண்டு, அத்தாவுக்குப் பதினான்கு, மாமிக்கு ஏழு, பினாங்கில் உள்ள மகளுக்கு ஏழு. அதாவது அக்கரைக்குச் சேரவேண்டியவை ஒன்பது பங்கு. ஒரு பங்கு நூற்றைம்பது ரூபாய் என்று வைத்தால் ஆயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய்.

ஆயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய் இன்று ஒரு வேளை விருந்துச் செலவு. ஆனால் அன்று ஒரு பவுன் தங்கம் நூறு ரூபாய்க்கும் குறைவு. அந்தப் பணத்தில் பதின்மூன்று பவுனுக்கு மேல் வாங்கியிருக்கலாம். எதைக் கொடுப்பது என்று அத்தா கேட்டார்கள். ஹஜ்ரத் இரண்டு செய்திகளைப் பிரித்துச் சொன்னார். கடனாகக் கணக்கிட்டால் எவ்வளவு என்பது ஒன்று; அந்தப் பணம் நிலமாகி, நிலம் விலை ஏறி, அதன் பயனை ஒரு தரப்பு மட்டும் அறுபது ஆண்டுகள் அனுபவித்ததை நினைத்தால் மனம் எவ்வளவு கொடுக்கச் சொல்கிறது என்பது மற்றொன்று. உரிமையாளரிடம் போய் உண்மையைச் சொல்லி, அவர் மனநிறைவோடு ஏற்கும் தொகையில் உடன்பாடு காண்பதே சிறந்த வழி என்றார். வாரிசுப் பங்கு குறைவாயினும் அதிகமாயினும் அது அல்லாஹ் விதித்த பங்கு என்னும் கருத்தை அந்நிஸா அத்தியாயத்தில் நாம் ஓதுகிறோம். நெடுங்காலம் கடந்துவிட்டால் அந்த விதி மாறிவிடும் என்று எங்கும் ஓதியதில்லை.

அண்ணனுக்கு இதில் உடன்பாடில்லை. அவன் சொன்ன காரணங்களை இங்கே எழுதுவது நியாயம். ஏனெனில் பல வீடுகளில் இதே காரணங்கள்தான் எழும். பாட்டியார் வாய்திறக்காமல் சுமந்த வேதனையை நாம் ஊரறியச் செய்யலாமா என்பது முதலாவது. முன்பின் தெரியாதவர்கள் வாசலில் போய் நின்றால் சொத்துக் கேட்க வந்திருக்கிறார்கள் என்று அவர்கள் அஞ்சமாட்டார்களா என்பது இரண்டாவது. அந்தப் பெண்மணிக்குத் தம் தந்தையாரைப் பற்றி ஒரு கதை சொல்லப்பட்டிருக்கும், அதை நாம் போய்க் கலைக்க வேண்டுமா என்பது மூன்றாவது. அவன் பேராசையால் சொல்லவில்லை. தொகையைத் தானே தருவதாகவும், அதைப் பினாங்கில் உள்ள ஏழைகளுக்குத் தர்மம் செய்துவிடலாம் என்றும் சொன்னான்.

அத்தா பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு சொன்னார்கள்: “தர்மம் என்பது என் பொருளை நான் கொடுப்பது. இது என் பொருள் இல்லை. உடையவர் இருக்கிறாரா என்று தேடாமலே தர்மம் செய்தால், அவருடைய கையைக் கேட்காமல் அவருடைய பணத்தைச் செலவழித்ததாகும்.” தேடியும் கிடைக்கவில்லை என்றால் அவர்கள் பேரில் தர்மம் செய்யலாம் என்று ஹஜ்ரத்தும் சொல்லியிருந்தார். ஆனால் தேடுவது முந்தியது. பாட்டியாரைப் பற்றி அத்தா சொன்னது என் நெஞ்சில் நிற்கிறது. “அவர்களுக்கு முகவரி தெரியாது; பருவம் வந்த மகள் வீட்டில்; நான் பதினைந்து வயதுப் பையன். என்ன செய்திருக்க முடியும்? மறைக்க நினைத்தவர் படத்தை வைத்திருக்கமாட்டார். எனக்காகத்தான் வைத்திருந்தார்கள்.”

மற்ற இரண்டு அச்சங்களையும் அத்தா தள்ளிவிடவில்லை. அவற்றை ஏற்றே பயணத்தை மாற்றியமைத்தோம். நேரே போய்க் கதவைத் தட்டப்போவதில்லை. பினாங்கில் உணவகத் தொழிலில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் மூலம் மூன்று மாதமாக விசாரித்து வருகிறோம். பாட்டனாரின் வீடு இருந்த வரிசையில் இப்போது பயணிகள் தங்கும் விடுதி இருக்கிறது. ஜார்ஜ் டவுனின் பழைய வீடுகளுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தபோது, தலைமுறைகளாகக் குடியிருந்த பலர் வெளியேற நேர்ந்தது. ஆனால் பழைய கூட்டாளி ஒருவரின் பேரன், கடைக்கு மாதாமாதம் ஒரு பெண்மணி மகளுடன் வந்து போனதாகத் தம் வீட்டில் பேசக் கேட்டிருக்கிறார். அந்த மகள் திருமணமாகி, கடலுக்கு அப்பால் பட்டர்வொர்த் பக்கம் குடிபோனதாகவும் கேள்வி. கிடைத்திருக்கும் நூல்முனை இவ்வளவே. அவர்களைக் கண்டுகொண்டால், முதலில் அவர்கள் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் வழியாகச் செய்தி சொல்லப்படும். அவர்கள் விரும்பினால் சந்திப்பு. விரும்பாவிட்டால் பங்கை மட்டும் வங்கி வழியாக முறைப்படி சேர்ப்பித்துவிட்டு, பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தாமல் திரும்புவது. அந்த அம்மையார் இறந்திருந்தால் அவர்களுடைய வாரிசுகளின் விவரத்தைக் கேட்டறிந்து பங்கிட வேண்டும்.

மாமிக்கு எண்பத்தைந்து வயது. அவர்களிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கியிருந்தோம். அத்தா போய்ச் சொன்னபோது நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எனக்கு ஒரு தங்கை இருந்திருக்கிறாள், இத்தனை நாள் யாருமே சொல்லவில்லையே” என்றார்கள். அடுத்த வாரமே சாயம் தோய்த்த பனையோலையில் மூடியுள்ள கொட்டான் ஒன்று முடைந்து அனுப்பினார்கள். எங்கள் கடற்கரைப் பெண்களின் கைத்தொழில் அது. கண் மங்கியிருப்பதால் ஓரிரு இடங்களில் பின்னல் தவறியிருக்கிறது. அதைச் சரிசெய்ய வேண்டாம், அப்படியே கொண்டுபோங்கள் என்று அத்தா சொல்லிவிட்டார்கள்.

அத்தா இப்போது மலாய்ச் சொற்கள் கற்கிறார்கள். தங்கையைத் தம்பியைக் குறிக்க மலாயில் ‘அடிக்’ என்று ஒரே சொல். அதைச் சரியாக உச்சரிக்கிறோமா என்று கைப்பேசியில் கேட்டுக் கேட்டுப் பார்க்கிறார்கள். அந்தப் பெண்மணி உயிரோடிருந்தால் எழுபத்து மூன்று வயது இருக்கும். தமிழ் தெரிந்திருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் கற்கக் கற்க, தெரியாத மொழியில் தெரிந்த சொற்கள் தென்படுகின்றன. கப்பலை அவர்கள் ‘கப்பால்’ என்கிறார்கள், கடையைக் ‘கெடாய்’ என்கிறார்கள், பெட்டியைப் ‘பெத்தி’ என்கிறார்கள். நம் பாட்டனார்கள் கொண்டுபோய்க் கொடுத்த சொற்கள் அவை. வாரிஸ், ஹக், அமானா ஆகிய சொற்களோ இரு மொழிகளுக்கும் மார்க்கம் கொடுத்தவை. நாங்கள் சொல்ல வேண்டிய செய்திக்கு அந்த மூன்று சொற்களே ஏறத்தாழப் போதும்.

பயணத்துக்கான மார்க்க ஒழுங்குகளையும் கேட்டறிந்தோம். பத்து நாள் தங்கும் எண்ணம் இருப்பதால், நாங்கள் பின்பற்றும் ஷாஃபியீ மத்ஹபின்படி பினாங்கில் இறங்கியபின் தொழுகையைச் சுருக்க இயலாது. வழியில் மட்டுமே சலுகை. புறப்படுமுன் வசிய்யத் எழுதிவைப்பது, கொடுக்கல் வாங்கலைத் தீர்ப்பது, மனம் நொந்தவர்களிடம் பொறுத்தருளக் கேட்பது ஆகியவற்றை ஹஜ்ஜுக்குச் செல்பவர்கள் மட்டும் செய்ய வேண்டியவை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நீண்ட பயணம் எதற்கும் அவை பொருந்தும். அத்தா தம் வசிய்யத்தில், தங்கையைக் காணுமுன் தமக்கு ஏதேனும் நேர்ந்தால் அந்த ஒன்பது பங்கைச் சேர்ப்பிப்பது எங்கள் இருவர் பொறுப்பு என்று எழுதியிருக்கிறார்கள். அண்ணனும் கையொப்பம் இட்டிருக்கிறான்.

பாட்டனாரின் கப்ரைக் காணும் விருப்பம் எங்களுக்கு இன்னும் உண்டு. எந்த மையவாடி என்பது உறுதியாகவில்லை; அடையாளக்கல் இருக்குமா என்பதும் தெரியாது. கிடைத்தால் சலாம் சொல்லி துஆச் செய்வோம். கிடைக்காவிட்டாலும் குறையில்லை. இறந்தவருக்கான துஆ இராமநாதபுரத்திலிருந்து கேட்டாலும் போய்ச் சேரும். உயிரோடிருப்பவரின் உரிமை அப்படித் தானே போய்ச் சேராது. அதை யாராவது சுமந்துகொண்டு போக வேண்டும். முன்பு பட்டியலின் தொடக்கத்தில் இருந்த கப்ரும் பள்ளிவாசலும் சூலியா தெருவும் இப்போது கடைசிக்கு நகர்ந்துவிட்டதன் காரணம் இதுவே.

வேரைத் தேடுவதைப் பற்றி நம்மிடையே இரு கருத்துகள் உண்டு. குலப்பெருமையை மார்க்கம் கண்டிக்கிறதே, பாட்டன் பூட்டனைத் தேடுவதால் என்ன பயன் என்பர் சிலர். நாங்கள் இன்ன வழியினர் என்று மரபுவரிசையைச் சட்டமிட்டு மாட்டிவைப்பர் சிலர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வம்சத்தைக் கொண்டு பெருமையடிப்பதை அறியாமைக் காலத்துப் பழக்கமாகக் கண்டித்தார்கள் என்பது உண்மை. உறவுகளைச் சேர்ந்து வாழ்வதற்கு வேண்டிய அளவு வம்சாவளியை அறிந்துகொள்ளும்படி அவர்களே ஏவியதாகத் திர்மிதியில் வருவதும் உண்மை. இரண்டும் முரண்பட்டவையல்ல. மேலே யார் இருந்தார்கள் என்று பெருமைக்குத் தேடுவது ஒன்று. பக்கத்தில் யார் விடுபட்டார்கள் என்று கடமைக்குத் தேடுவது மற்றொன்று. பிந்தியது நம்மைப் பெரியவர்களாக்குவதில்லை, கடன்பட்டவர்களாக்குகிறது. அதனால்தான் அது அதிகம் பேசப்படுவதில்லை போலும்.

ஆகவே முன்னோர் ஊருக்குப் புறப்பட எண்ணும் குடும்பங்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் வீட்டிலுள்ள பெட்டியை முழுதாகப் பாருங்கள். அரபுத் தமிழ்த் தாள் இருந்தால், அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் உயிரோடிருக்கும்போதே படித்து எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள். எண்பது வயதைக் கடந்தவர்களிடம், பாட்டனார் எங்கே வேலைசெய்தார் என்பதோடு நிறுத்தாமல், அங்கே அவருக்கு யார் இருந்தார்கள் என்றும் அன்போடு கேளுங்கள். கிடைக்கும் விடை சங்கடமானதாக இருந்தால் அதை ஒரு ஆலிமிடம் கொண்டுபோங்கள், வெட்கப்பட்டு மூடிவிடாதீர்கள். மனிதர் மூடியதை மறுமையில் அல்லாஹ் திறந்து கணக்குக் கேட்பான் என்றுதானே நாம் நம்பியிருக்கிறோம்.

எங்கள் பயணம் எப்படி முடியும் என்பதை அல்லாஹ்வே அறிவான். அந்தச் சகோதரியைக் காண்போமோ, அவர்களுடைய மக்களைக் காண்போமோ, வெறும் தெருக்களைக் கண்டு திரும்புவோமோ தெரியாது. உரியவரிடம் உரியதைச் சேர்ப்பிக்கும் வாய்ப்பை என் அத்தாவின் ஆயுளிலேயே அவன் தரவேண்டும் என்று உங்கள் துஆக்களில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வஸ்ஸலாம்.